கண்டித் தலதா மாளிகையும் காலமறிதலும்

மலைநாட்டின் தலைநகர் எனப் போற்றப்படும் கண்டி மாநகர், நாற்புறமும் குன்றுகள் சூழ, நடுவே ஏரி விளங்க, அதன் வடகரையிலே தலதா மாளிகை ஒளிரும் பேரெழில் வாய்ந்தது. புத்தர்பெருமானுடைய தந்ததாது எழுந்தருளியிருக்கும் இம்மாளிகை, பௌத்த உலகம் முழுவதும் வணங்கும் திருத்தலமாகும். 1988 ஆம் ஆண்டிலே கண்டி நகர் உலக மரபுரிமைத் தலங்களுள் ஒன்றாக யுனெஸ்கோவினால் ஏற்றுக்கொள்ளப்பட்டது. ஆதலின் வெள்ளாடை புனைந்து மலர்த்தட்டு ஏந்திய அடியாரும், கடல்கடந்து வந்த உல்லாசப் பிரயாணிகளும், கல்விச் சுற்றுலா மேற்கொண்ட மாணவர் குழாமும் ஒரே வாயிலை நோக்கி நடக்கின்றனர். அங்குச் சென்று மீண்டோருட் பலர் கூறும் குறை ஒன்றேயாம்: கூட்டம் மிகுதியாக இருந்தமையின் ஒன்றனையும் செவ்வனே காண இயலவில்லை என்பதே அது. இக்குறை எதனால் நேர்கின்றது, அதனைத் தவிர்த்தற்கு வழியாது என்பனவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

திருக்குறளிலே வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என மூன்று அதிகாரங்கள் அடுத்தடுத்து அமைந்துள்ளன. அவை அரசனுக்கு உரைக்கப்பட்டன. எனினும், அம்மூன்றும் இக்காலத்துச் சுற்றுலாச் செல்வோனுக்கும் வேண்டற்பாலனவே. ஓரிடம் எத்துணைப் பேரைத் தாங்கும் என அறிவது வலியறிதல். எவ்வேளையில் அங்கு மக்கள் குவிவர் என அறிவது காலமறிதல். வேறு எங்குச் சென்றால் அதற்கு ஒப்பான பயன் கிட்டும் என அறிவது இடனறிதல். கூட்டம் என்பது ஆட்டொகையினால் மட்டும் உண்டாவதன்று. பலர் ஒரே வேளையில் ஓரிடத்திற் குவிதலினாலேயே உண்டாவது. இவ்வுண்மையை உணர்ந்தார்க்கு வழி எளிது.

முதற்கண் மாளிகையின் வலியை நோக்குவோம். தந்ததாது கலிங்க நாட்டிலிருந்து நான்காம் நூற்றாண்டிலே இலங்கைக்குக் கொணரப்பட்டது என்பது மரபு. அதனை உடையவனே நாட்டின் அரசன் என்னும் கருத்து நிலவியமையின், தலைநகர் மாறுந்தோறும் தாதுவும் உடன் சென்றது. முதலாம் விமலதர்மசூரியன் கண்டியிலே அதற்குக் கோயில் எடுத்தான். இன்று காணப்படும் உட்கோயில் 1707 முதல் 1739 வரை ஆண்ட நரேந்திரசிங்கன் காலத்தது. அவனுக்குப்பின் அரசுகட்டில் ஏறியவர் மதுரை நாயக்கர் வழித்தோன்றல்கள். அம்மரபின் இறுதி மன்னனாகிய ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கனே, முகப்பில் விளங்கும் பத்திரிப்புவ என்னும் எண்கோண மண்டபத்தையும் அருகிலுள்ள ஏரியையும் அமைத்தவன். இவ்வரலாற்றால் அறியப்படுவது யாதெனின், அரண்மனையைச் சார்ந்து, அரசனும் குருமாரும் அரச குடும்பத்தினரும் வழிபடும்பொருட்டு எழுந்த கோயில் அது என்பதாம். கீழே முரசு முழங்கும் ஹேவிசி மண்டபம் உண்டு; மேல்மாடியிலே தாதுப் பேழை வைக்கப்பட்ட அறை உண்டு. அம்மாடிக்கு ஏறும் வழியும், அறைக்கு முன்னுள்ள இடமும் சிறியனவே. அரசன் ஒருவன் வழிபட்ட வாயிலின் முன்னே இன்று ஆயிரவர் நிற்கின்றனர். சுவரை அகலமாக்குதல் எவராலும் ஒல்லாது. ஆதலின் மாற்றத்தக்கது காலம் ஒன்றேயாம்.

இனிக் காலத்தை நோக்குவோம். மாளிகையிலே நாள்தோறும் மூன்று பூசைகள் நிகழ்கின்றன. வழமையாகப் புலரியில் ஐந்தரை மணிக்கும், முற்பகல் ஒன்பதரை மணிக்கும், மாலை ஆறரை மணிக்கும் அவை தொடங்கும். பூசை வேளையிலேதான் மேல்மாடி அறையின் கதவு திறக்கப்படும். அப்போது அடியார் வரிசையாக நகர்ந்து, சில கணங்கள் மாத்திரம் பொற்பேழையைக் கண்டு, மலரிட்டு வணங்கிச் செல்வர். தாது அப்பேழையின் உள்ளே இருப்பது, வெளியே காணப்படுவதன்று. இதனை முன்னரே அறியாத பிரயாணிகள், நெடுநேரம் நின்றும் தாதுவைக் காணவில்லையே என ஏமாற்றம் அடைதல் உண்டு.

மூன்று பூசைகளுள் மாலைப் பூசைக்கே பிரயாணிகள் மிகுதியாக வருகின்றனர். கொழும்பிலிருந்தும் தம்புள்ளையிலிருந்தும் பகலெல்லாம் பயணஞ் செய்தவர்கள் கண்டியை அடையும் வேளை அதுவே. ஒன்பதரை மணிப் பூசைக்கு விடுதிகளிலிருந்து காலையுணவு முடித்தோர் வந்து சேருவர். புலரிப் பூசைக்கு அடியாரே பெரும்பான்மையர். வேடிக்கை பார்ப்போர் அரியர். புதன்கிழமைகளில் நானுமுர மங்கல்ய என்னும் நீராட்டுச் சடங்கும் நிகழ்வதால் அன்று கூட்டம் சற்று மிகும். பூரணை நாள்களிலும், தொடர் விடுமுறைகளிலும், பாடசாலை விடுமுறைக் காலத்திலும் கூட்டம் பன்மடங்காகும்.

வரிசையில் நிற்பதற்கு முன்னரே வேறு சில வரிசைகளும் உள. 1998 ஆம் ஆண்டு சனவரி 25 ஆந் தேதி மாளிகையின் முகப்பிலே நிகழ்ந்த குண்டுத் தாக்குதலில் உயிர்கள் பல மாண்டன. கட்டடமும் பெருஞ் சேதமுற்றது. அதன்பின் வாயில்களிலே சோதனை கடுமையாயிற்று. ஆடவரும் பெண்டிரும் தனித்தனியே சோதிக்கப்பட்ட பின்னரே உள்ளே செல்லுதல் கூடும். அடுத்துப் பாதணிகளை ஒப்படைக்கும் இடம். பிறநாட்டாராயின் நுழைவுச்சீட்டுப் பெறும் இடம். தோளும் முழந்தாளும் மறையாத ஆடையோடு வந்தோர் திரும்பிச் சென்று மாற்றுடை தேடுவர். பெரிய பைகளைச் சுமந்து வருவோர் சோதனையிடத்திலே தம்மையும் பிறரையும் தாமதிக்கச் செய்வர். ஏற்ற ஆடையும் சிறு பையும் கொண்டு செல்லுதல், வரிசையைக் குறைத்தற்கு ஒவ்வொருவரும் செய்யக்கூடிய எளிய உதவியாகும்.

வரிசை என்பது வெறும் பொறுமைக்குரிய பொருள் மாத்திரமன்று. கணிதத்துக்கும் உரிய பொருளாகும். டென்மார்க்கு நாட்டுப் பொறியியலாளராகிய ஏர்லாங்கு என்பார், தொலைபேசித் தொடர்புக்காகக் காத்திருப்போரைப் பற்றி 1909 ஆம் ஆண்டிலே எழுதிய ஆராய்ச்சி இத்துறைக்கு வித்திட்டது. அமெரிக்க அறிஞராகிய யோன் லிற்றில் 1961 ஆம் ஆண்டிலே எளிய விதி ஒன்றனை நிறுவினார். வரிசையில் உள்ளோரின் சராசரித் தொகை, நிமிடத்துக்கு வந்து சேர்வோரின் தொகையை ஒருவர் காத்திருக்கும் சராசரி நிமிடங்களாற் பெருக்கிய தொகைக்குச் சமமாகும் என்பதே அவ்விதி.

எடுத்துக்காட்டாக, ஒரு வாயிலின் வழியே நிமிடத்துக்கு 30 பேர் செல்லலாம் என்று கொள்க. 900 பேர் ஒருசேர வந்து நின்றால் இறுதியில் நிற்பவர் 30 நிமிடம் காத்திருத்தல் வேண்டும். அதே 900 பேர் மூன்று மணி நேரத்திலே பரந்து வந்தால் நிமிடத்துக்கு ஐவரே வருவர். ஒருவரும் காத்திருக்க வேண்டியதில்லை. ஆட்டொகை மாறவில்லை, வாயிலும் மாறவில்லை, வந்த வேளை ஒன்றே மாறியது.

இதனினும் வியப்புக்குரிய முடிபு ஒன்றுண்டு. மணிக்குச் சராசரி 100 பேரை அனுப்பவல்ல ஒரு வாயிலுக்கு, மக்கள் முன்பின்னாக வருகின்றனர் என்றும், ஒவ்வொருவர்க்கும் செல்லும் நேரம் வேறுபடுகின்றது என்றும் கொள்வோம். மணிக்கு 50 பேர் வரின், அங்கே சராசரியாக நிற்போர் ஒருவரே. 90 பேர் வரின் ஒன்பதின்மர் நிற்பர். 95 பேர் வரினோ 19 பேர் நிற்பர். வருவோர் ஐவர் கூடினமையால் வரிசை இரட்டிப்பினும் மேலாயிற்று. இதனையே திருப்பி நோக்குக. தொண்ணூற்றைவருள் ஐவர் மாத்திரம் வேறு வேளையைத் தேர்ந்துகொண்டால், ஏனைய தொண்ணூற்றுவர்க்கும் வரிசை பாதிக்குங் கீழாகக் குறையும். ஒருவன் விலகுவதால் என்ன பயன் என்று கேட்பார்க்கு இக்கணக்கே தக்க விடையாகும். நெருக்கடியான வேளையிலிருந்து விலகும் சிலர், தமக்கு மாத்திரமன்றிப் பலர்க்கும் நன்மை செய்தவராவர்.

வாயிலின் வலியை மீறி மக்கள் குவிந்தால் நேர்வதனை 2025 ஆம் ஆண்டு கண்டி நகர் கண்கூடாகக் கண்டது. தந்ததாதுவைப் பேழையினின்று வெளியே எடுத்துப் பொதுமக்கள் காண வைக்கும் சிறி தலதா வந்தனாவ என்னும் நிகழ்ச்சி, 2009 ஆம் ஆண்டுக்குப் பின் பதினாறு ஆண்டுகள் கழித்து, அவ்வாண்டு ஏப்பிரில் 18 முதல் 27 வரை நடைபெற்றது. நாட்டின் எத்திசையினின்றும் மக்கள் திரண்டனர். வரிசைகள் நகர வீதிகளையெல்லாங் கடந்து நீண்டன. இரவும் பகலும் வீதியோரத்திலே தங்கிக் காத்திருந்தவர் பலர். களைப்பினால் மருத்துவ உதவி நாடியோரும் பலர். இறுதி நாள்களிலே, இனிக் கண்டிக்கு வரவேண்டாம் என அதிகாரிகள் பொதுமக்களை வேண்டிக்கொள்ளும் நிலை உண்டாயிற்று.

இதன் காரணமும் கணக்கிலேயே அடங்கியுள்ளது. நிமிடத்துக்கு 120 பேர் நில்லாது நடந்து வணங்குவதாகவும், நாள்தோறும் ஆறு மணி நேரம் வாயில் திறந்திருப்பதாகவும் கொண்டால், ஒரு நாளிலே 43,200 பேரே செல்லலாம். பத்து நாளிலே 4,32,000 பேர். பத்து இலட்சம் பேர் வரக் கருதின், எத்துணைத் தொண்டர் நின்று பணிபுரிந்தாலும் பாதிக்கு மேற்பட்டோர் காணாமலே திரும்ப நேரும். அது அடியாரது பத்தியின் குறையுமன்று, தொண்டரது உழைப்பின் குறையுமன்று, எண்ணின் இயல்பாகும்.

நெருக்கடி வெறுந் துன்பத்தோடு நின்றுவிடுவதுமன்று. 1959 ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதம் கண்டிப் பெரஹராவிலே யானை மிரண்டமையால் மக்கள் சிதறியோட, அந்நெரிசலில் உயிர்ச்சேதம் நேர்ந்தது. 1992 ஆம் ஆண்டு பெப்ரவரி மாதம் கும்பகோணத்து மகாமகக் குளத்திலே ஏறக்குறைய ஐம்பதின்மர் நெரிசலில் இறந்தனர். வரிசையைக் குறைக்கும்பொருட்டு நேரங் குறித்த சீட்டு வழங்கினால் இடர் நீங்கும் எனச் சிலர் கருதலாம். ஆம்சுடர்டாம் நகரிலுள்ள ஆன் பிராங்கு இல்லத்திலே நேரங் குறித்த சீட்டினை முன்கூட்டியே இணையவழிப் பெற்றோர் மாத்திரமே அனுமதிக்கப்படுகின்றனர். அம்முறை அங்கு நற்பயன் தந்துள்ளது. ஆயின் 2025 ஆம் ஆண்டு சனவரி 8 ஆந் தேதி திருப்பதியிலே வைகுண்ட ஏகாதசித் தரிசனச் சீட்டுப் பெறுவதற்குக் கூடிய நெரிசலில் அறுவர் உயிரிழந்தனர். சீட்டு வழங்கும் இடத்திற்கே யாவரும் ஒருசேர வந்தால், கோயில் வாயிலிலிருந்த கூட்டம் சீட்டு வாயிலுக்கு இடம்பெயர்ந்ததேயன்றி நீங்கியதாகாது. சீட்டும் பரந்த காலத்தில், பரந்த இடங்களில் வழங்கப்படல் வேண்டும் என்பது அந்நிகழ்ச்சி புகட்டும் பாடமாகும்.

பெரஹராக் காலத்துக்கும் இவ்வுண்மை பொருந்தும். எசல மாதத்திலே, அஃதாவது யூலை, ஓகஸ்ட் மாதங்களை ஒட்டி, வீதியுலா பத்து இரவுகள் நிகழும். முதல் ஐந்து இரவுகள் கும்பல் பெரஹரா. பின் ஐந்து இரவுகள் ரந்தோலிப் பெரஹரா. நாளுக்கு நாள் யானைகளும் ஆடுவோரும் பெருகி, இறுதி இரவிலே விழா உச்சத்தை அடையும். அவ்விரவுக்கு வீதியோரத்தில் இடம்பிடிக்க விரும்புவோர் காலையிலேயே வந்து அமருவர். ஆயினும் பேழை தாங்கிய யானையும், சவுக்கடிப்போரும், பந்தமேந்துவோரும், கண்டி நடனமும், தேவாலயங்களின் அணிகளும் கும்பல் இரவுகளிலும் உண்டு. ஊர்வலத்திலே செல்வது தாதுவன்று, பேழையின் பிரதியே என்பதனையும் மனங்கொள்ளல் வேண்டும். நல்லூர்க் கந்தசுவாமி கோயிலின் இருபத்தைந்து நாள் திருவிழாவை அறிந்தோர்க்கு இதனை விளக்க வேண்டுவதில்லை. தேரன்று முருகனைக் காண்போர் தலைகளுக்கு மேலாகவே காண்பர். தொடக்க நாள்களிலே செல்வோர் அண்மையில் நின்று காண்பர். குழந்தைகளையும் முதியோரையும் அழைத்துச் செல்வோர் கண்டியிலும் கும்பல் இரவுகளையே தேர்தல் நன்று.

இனி இடத்தை நோக்குவோம். மாளிகையின் வாயிலிலே நெருக்கடி நிலவும் வேளையிலும், அதனை அடுத்துள்ள தேவாலயங்கள் அமைதியாக இருக்கக் காணலாம். பதினான்காம் நூற்றாண்டில் எழுந்த நாத தேவாலயம் கண்டி நகரிலுள்ள கட்டடங்களுள் மிகப் பழையது. அதன் அருகே பத்தினி தேவாலயமும் விஷ்ணு தேவாலயமும் உள்ளன. பத்தினி என்பவள் தமிழ்மக்கள் கண்ணகியாகப் போற்றும் தெய்வமேயாவள். நகரினுள்ளே கதிர்காமத் தெய்வத்துக்கும் தேவாலயம் உண்டு. எசலப் பெரஹராவிலே உலாவரும் நான்கு தேவாலயங்கள் இவையே. முன்னாளில் அவ்விழா இவற்றுக்கே உரியதாயிருக்க, நாயக்க மன்னனாகிய கீர்த்தி ஸ்ரீ ராஜசிங்கன் காலத்திலேதான் தந்ததாதுவுக்கு அதில் முதலிடம் அளிக்கப்பட்டது. மாளிகையைக் காணச் சென்று இவற்றைக் காணாது மீளும் சைவ மாணவர், விழாவின் வேரினைக் காணாதவராவர். மாளிகையின் அருகே, 1815 ஆம் ஆண்டு மார்ச்சு 2 ஆந் தேதி கண்டி ஒப்பந்தம் நிறைவேறிய மகுல் மடுவ என்னும் அரசவை மண்டபமும் உண்டு. வரலாறு பயில்வோர் நின்று சிந்திக்கவேண்டிய இடம் அது.

நகரிலிருந்து ஏறக்குறைய ஆறு கிலோமீற்றர் தொலைவிலே பேராதனைப் பூங்கா அமைந்துள்ளது. மகாவலி கங்கை மூன்று புறமும் வளைந்தோட, 147 ஏக்கர் பரப்பிலே 1821 ஆம் ஆண்டு முதல் வளர்ந்துவந்த சோலை அது. அங்கே ஒரே வேளையில் 5,000 பேர் உலாவினாலும் ஒருவருக்கு ஏறக்குறைய 119 சதுர மீற்றர் நிலம் உண்டு. ஆதலின் கூட்டம் மிகும் வேளையைப் பேராதனையிற் கழித்து, குறையும் வேளையில் மாளிகைக்குச் செல்லுதல் அறிவுடைமையாகும்.

நகருக்குத் தென்மேற்கே கடலாதெனிய, லங்காதிலக, எம்பக்க என மூன்று தலங்கள் ஒன்றற்கொன்று அண்மையில் உள்ளன. மூன்றும் கம்பளை அரசர் காலத்தன. கடலாதெனிய விகாரை 1344 ஆம் ஆண்டிலே தென்னிந்தியக் கட்டட மரபைத் தழுவிக் கருங்கல்லாற் கட்டப்பட்டது. அதனை அமைத்த சிற்பியின் பெயர் கணேசுவராசாரி. லங்காதிலகப் பாறையிலே சிங்களச் சாசனத்தோடு தமிழ்ச் சாசனமும் பொறிக்கப்பட்டுள்ளது. எம்பக்கத் தேவாலயம் கதிர்காமத் தெய்வத்துக்குரியது. அதன் முரசு மண்டபத்து மரத்தூண்களிலே செதுக்கப்பட்ட உருவங்கள் உலகப்புகழ் பெற்றவை. தமிழ் மாணவர்க்கு இத்துணைப் பொருள் பொதிந்த தலங்களிலே வரிசை காண்டல் அரிது.

யாழ்ப்பாணத்து மக்கள் கண்டி வீதி என்று வழங்கும் நெடுஞ்சாலை, 321 கிலோமீற்றர் கடந்து கண்டியிலே முடிவுறுகின்றது. போர்க்காலத்தில் நெடுங்காலம் அடைபட்டிருந்த அவ்வழி திறந்தபின், வடபகுதிப் பாடசாலைகளின் சுற்றுலாக்களும் பெருகின. முன்னிரவிற் புறப்படும் வண்டி விடியற்காலையிற் கண்டியை அடையும். அவ்வாறு செல்லும் குழுவினர் பூரணையும் தொடர் விடுமுறையும் அல்லாத ஒரு வார நாளைத் தேர்தல் முதற்கடன். கதவு திறந்த காட்சியை விரும்புவோர் புலரிப் பூசைக்குச் செல்லலாம். உடல் களைத்த சிறுவர்க்கு அது இயலாதாயின், முற்பகற் பூசையின் கூட்டம் கலைந்தபின், மாலைக் கூட்டம் சேருமுன், நண்பகலுக்குப் பிந்திய வேளையிற் செல்லலாம். அப்போது மேல்மாடிக் கதவு மூடியிருக்கும். எனினும் சிற்பங்களையும், சுவரோவியங்களையும், தாதுவின் வரலாற்றைக் கூறும் படங்களையும், பல்லாண்டுகள் பேழை சுமந்து 1988 ஆம் ஆண்டு இறந்த ராஜா என்னும் யானையின் பாடம்பண்ணிய உடலையும் ஆறுதலாகக் காணலாம். எதனைக் காணச் செல்கிறோம் என்பதனைப் புறப்படுமுன்னரே வகுத்துக்கொள்வோர்க்கு இதில் ஏமாற்றமில்லை.

மாணவர்க்கு உணர்த்தவேண்டிய ஒழுக்கம் ஒன்றும் இங்குண்டு. ஒருவனை முன்னே நிறுத்தி, பின்னர் நாற்பதின்மர் வந்து அவனோடு சேர்ந்துகொள்ளும் வழக்கத்தைச் சிலர் திறமை எனக் கருதுகின்றனர். அவனுக்குப் பின்னே நின்றவர், தம் வாழ்நாளில் ஒருமுறையேனும் தாதுவை வணங்கவேண்டும் என்று அநுராதபுரத்துச் சிற்றூரிலிருந்தோ மொனராகலையிலிருந்தோ வந்த முதியவராக இருக்கலாம். அவர் ஏந்தியிருக்கும் தாமரை வாடும். அவர் கால்கள் தளரும். நாற்பதின்மர் மிச்சம்பிடித்த நேரம் அவரிடமிருந்து கவர்ந்த நேரமேயாகும்.

கூட்டந்தானே விழாவுக்கு அழகு, அதனைத் தவிர்த்தல் விழாவையே தவிர்த்தலாகாதோ எனச் சிலர் வினவலாம். வழிபடச் செல்வோனுக்கு அவ்வினா பொருந்தும். அடியாரோடு அடியாராய் நிற்றல் அவனுக்கு இடையூறன்று. அதுவும் வழிபாட்டின் ஒரு கூறேயாம். பூரணை நாளும் பூசை வேளையும் அவனுடைய சமயம் வகுத்த காலங்கள். அவற்றை மாற்றிக்கொள்ளும் உரிமை அவனுக்கில்லை. காணச் செல்வோனுக்கோ ஆண்டின் எல்லா நாளும், நாளின் எல்லா வேளையும் திறந்து கிடக்கின்றன. மாற்றவல்லவன் மாற்றமாட்டாதவனுக்கு வழிவிடுதலே முறை. தேர்த் திருவிழாவன்று நல்லூர் வீதியிலே அடியாரை மறைத்துக்கொண்டு படம்பிடிக்கும் பிறநாட்டானைக் கண்டு முகஞ்சுளிப்போர், பூரணையன்று கண்டியிலே தாம் அவ்வாறு நிற்றல் தகுமோ என எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

ஆதலின் கூட்டந் தவிர்த்தல் என்பது பிறரை முந்துதற்குரிய சூழ்ச்சியன்று. பிறர்க்கு இடங்கொடுக்கும் பண்பேயாம். வாயிலின் வலியறிந்து, குவியும் காலம் அறிந்து, அமைதியான இடமும் அறிந்து செல்வோர் மனநிறைவோடு மீளுவர். அவர்கள் விட்டுக்கொடுத்த அச்சில கணங்களிலே, எங்கோ ஒரு சிற்றூரினின்று வந்த முதியவர் ஒருவர், நெரிசலின்றித் தம் மலரை இட்டு வணங்கியிருப்பர்.